குண்டு அரளிக்கு எப்போது தண்ணீர்?

சென்னையில் இரண்டாவது மாடி பால்கனி. போன தை மாதம் பூவும் மொட்டுமாக வாங்கி வந்த அடீனியம். "பாலைவன ரோஜா சார், தண்ணியே வேண்டாம்" என்று விற்றவர் சொன்னதால் பத்து நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர். சித்திரையில் இலை பழுத்துக் கொட்டியது, பூவும் நின்றுவிட்டது. இப்போது கார்த்திகை மழை. பருத்த அடியின் ஒரு பக்கம் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகிறது. காப்பாற்ற முடியுமா, எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது, மறுபடி எப்போது பூக்கும், அடி எப்படிப் பருக்கும், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, இதன் பால் விஷம் என்கிறார்களே? இவ்வளவும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் முதலில் அந்த மெத்தென்ற இடம். மற்றவை காத்திருக்கும், அது காத்திருக்காது.

அடீனியத்தின் அடி மெத்தென்று ஆவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. ஒன்று தாகம், இன்னொன்று அழுகல். தாகம் என்றால் அடி முழுக்க ஒரே சீராகத் தளர்ந்து, பழைய உருளைக்கிழங்கு மாதிரி தோல் சுருங்கியிருக்கும். மண்ணும் காய்ந்து கிடக்கும். நன்றாகத் தண்ணீர் விட்டால் ஒரு வாரம், பத்து நாளில் மறுபடி கல் மாதிரி ஆகிவிடும். அழுகல் என்றால் ஒரு பக்கம் மட்டும் அமுங்கும், மறுபக்கம் கெட்டியாக இருக்கும். அமுங்கும் இடம் கறுத்தோ பழுத்தோ போயிருக்கும். மண் ஈரம். மோந்து பார்த்தால், துணியை ஊறவைத்து இரண்டு நாள் மறந்துபோன வாளியின் நாற்றம் அடிக்கும். உங்கள் செடிக்குச் சித்திரையில் நடந்தது முதலாவது, இப்போது நடப்பது இரண்டாவது. ஒரே வருஷத்தில் பட்டினியும் போட்டு, மூழ்கடித்தும் விட்டோம்.

இன்றைக்கே தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். மண்ணை உதறி, வேரைக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். வெளியூரிலிருந்து லாரியில் வந்த செடியாக இருந்தால் வேர்களுக்கு நடுவே எலுமிச்சை அளவுக்கோ அதைவிடப் பெரிதாகவோ ஒரு களிமண் உருண்டை இருக்கக்கூடும். வழியில் வேர் உலராமல் இருக்க அப்படிக் கட்டுகிறார்கள். அதற்குள் போன ஈரம் லேசில் வெளியே வராது. அதைக் கரைத்து எடுத்தே ஆகவேண்டும். அழுகல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கியிருக்கும்.

அப்புறம் ஒரு பழைய ஸ்பூன், ஒரு கூர்மையான கத்தி, கொஞ்சம் சர்ஜிக்கல் ஸ்பிரிட், கையுறை. மெத்தென்ற பகுதி ஸ்பூனால் வழித்தாலே கனிந்த பப்பாளி மாதிரி வந்துவிடும். அதற்குக் கீழே சதை கெட்டியாக இருக்கும், ஆனால் பழுப்புக் கோடுகளும் புள்ளிகளும் தெரியும். "கெட்டியாகத்தானே இருக்கிறது" என்று பலர் அங்கே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். வெட்டிய முகம் முழுக்க, முள்ளங்கியை நறுக்கியதுபோல வெள்ளை வெளேரென்று ஆகும்வரை மெல்லிய சீவலாகச் சீவிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு சீவலுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். ஒரு பழுப்புப் புள்ளியை விட்டுவிட்டாலும் சில நாளில் அங்கிருந்து கதை மறுபடி ஆரம்பிக்கும். அடியில் பாதி போனாலும் கவலைப்பட வேண்டாம். குழி விழுந்த அடியோடு பத்து வருஷம் வாழும் செடிகள் உண்டு. அந்தக் குழியே ஒரு அழகாகிவிடும்.

கார்பெண்டசிம், மேன்கோசெப் இரண்டும் கலந்த பூஞ்சைக்கொல்லித் தூள் உரக்கடையில் சின்னப் பொட்டலமாகக் கிடைக்கும். கூழ் மாதிரிக் குழைத்துக் காயத்தில் பூசுங்கள். மஞ்சள்தூள் பூசுபவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். இருக்கும் இலைகளைக் கிள்ளிவிட்டு, செடியை அப்படியே வேர் தெரிய, மழை படாத நிழலில் வையுங்கள். கார்த்திகை ஈரக்காற்றில் காயம் லேசில் உலராது, ஒரு மின்விசிறியைப் போட்டுவிடுங்கள். காயத்தின் மேல் பொருக்குத் தட்டியதும் – ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகட்டும் – உலர்ந்த புதுக் கலவையில் நடுங்கள். நட்ட பிறகும் ஒரு வாரம், பத்து நாள் தண்ணீர் கிடையாது. மண்ணுக்கு வெளியே இவ்வளவு நாள் வைத்தால் செத்துப்போகாதா என்று கை பரபரக்கும். சாகாது. அந்தக் குண்டு அடி இதற்காகத்தான் இருக்கிறது.

இதையெல்லாம் நான் நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டேன். 2015 மழையில் என் மாடியில் பதினாறு அடீனியம் இருந்தன. மழை விட்டுப் பார்த்தபோது எல்லாம் நன்றாகவே தெரிந்தன, இரண்டில் மொட்டுகூட இருந்தது. மார்கழி பிறப்பதற்குள் ஒவ்வொன்றாகச் சாய ஆரம்பித்தன. தை பிறந்தபோது மிஞ்சியவை ஐந்து. அந்த ஐந்தும் படிக்கட்டுக் கூரைக்கு அடியில், இடமில்லாமல் ஒதுக்கி வைத்திருந்த அழகில்லாத செடிகள்.

சரி, தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். இதற்கு அதன் பிறந்த ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தச் செடிக்கு முதலில் தாவரவியல் பெயர் வைத்தவர் பேட்டர் ஃபோர்ஸ்கால். உயிரினங்களுக்குத் தாவரவியல், விலங்கியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர். டென்மார்க் அரசர் அனுப்பிய அரேபியப் பயணக் குழுவில் போனவர், 1763-இல் யேமனிலேயே மலேரியாவில் இறந்துபோனார். அவருடைய குறிப்புகளை, அந்தக் குழுவில் உயிரோடு ஊர் திரும்பிய ஒரே ஆளான கார்ஸ்டன் நீபூர் 1775-இல் அச்சேற்றினார். அதில் இந்தச் செடிக்குப் பெயர் 'நெரியம் ஒபீசம்'. நெரியம் என்றால் நம் அரளி, ஒபீசம் என்றால் கொழுத்தது. ஆக, குண்டு அரளி. பிற்பாடு அடீனியம் என்று தனிப் பேரினமாகப் பிரித்தார்கள், ஆனாலும் அந்தப் பழைய பெயர்தான் செடியைச் சரியாகச் சொல்கிறது என்பது என் எண்ணம். கடையில் கள்ளி வரிசையில் வைத்து விற்பதால் நாமும் இதைக் கள்ளிச் சாதி என்று நினைத்துக்கொள்கிறோம். இது பிறந்தது அரளி, நித்தியகல்யாணி, நந்தியாவட்டை குடும்பத்தில். அரளியை யாராவது பத்து நாளைக்கு ஒரு டம்ளர் ஊற்றி வளர்ப்பார்களா?

செனகலிலிருந்து சூடான் வரை சகாராவின் தென்விளிம்பு, எத்தியோப்பியா, சோமாலியா, கென்யா, செங்கடல் தாண்டி யேமன், ஓமன் – இதுதான் அதன் சீமை. சகாராவின் தென்விளிம்பில் மழை ஆனியில் தொடங்கிப் புரட்டாசி வரை, சூட்டோடு சேர்ந்தே வரும். செடி அப்போது வயிறு முட்டக் குடித்து அடியில் சேர்த்துக்கொள்ளும். பிறகு மாதக்கணக்கில் சொட்டு மழை கிடையாது. குளிர்ந்த மாதங்கள்தான் அங்கே வறண்ட மாதங்கள். இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கிவிடும். சூட்டில் குடிப்பது, குளிரில் தூங்குவது என்று உடம்பு பழகிவிட்டது.

நம் கடற்கரைப் பக்கம் இது தலைகீழ். சென்னைக்கு வருஷம் முழுக்கப் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அதை ஒட்டியும்தான். பகல் சுருங்கி, வெயில் செத்து, இரவு குளிர்ந்து, செடி கண்ணசரும் நேரம் பார்த்து வானம் வாளி வாளியாகக் கொட்டுகிறது. பங்குனி வெயிலில் அது வாயைத் திறந்துகொண்டு நிற்கும்போது நாம் டம்ளரில் அளக்கிறோம். ஆடி, ஆவணியில் மழை முடித்துக்கொள்ளும் ஊர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. நமக்கு வடகிழக்குப் பருவமழைதான் அடீனியத்தின் எமன்.

என் கணக்கு இது. பங்குனி முதல் ஆவணி வரை, வெயிலில் நிற்கும் செடிக்குத் தினமும் காலையில் ஒருதரம், அடித் துளை வழியே வழியும்வரை. அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாளும் தவறுவதில்லை. புரட்டாசியில் மண் தொட்டால் காய்ந்திருந்தால் மட்டும். ஐப்பசி பிறந்ததும் செடி கூரைக்குள் வந்துவிடும். மேல்மண் இரண்டு அங்குலம் காயாமல் ஒரு சொட்டு கிடையாது. மார்கழியில் இலை கொட்டினால் பயப்படுவதில்லை, அது நோய் இல்லை. இலை இல்லாத செடிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொண்டை நனைத்தால் போதும். சந்தேகமாக இருந்தால் கட்டைவிரலால் அடியை அழுத்துங்கள். கல் மாதிரி இருக்கிறதா, குடித்தது போதும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. தினமும் ஊற்றுங்கள் என்று நான் சொன்னது, தண்ணீர் நிற்காத கலவையில் இருக்கும் செடிக்கு. வெறும் செம்மண்ணில் வைத்துக்கொண்டு இதைச் செய்தால் வைகாசியிலேயே செடி அழுகிவிடும். பழைய செங்கல்லை உடைத்து, கொண்டைக்கடலை அளவுக்குச் சலித்தது நாலு பங்கு (தூளைக் கொட்டிவிடுங்கள், அதுதான் அடைக்கும்). கொரகொரப்பான ஆற்று மணல் இரண்டு பங்கு. உப்புப் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசிய தேங்காய் நார்க்கழிவு இரண்டு பங்கு. மக்கின உரம் ஒரு பங்கு. வேப்பம் புண்ணாக்கு, எலும்புத்தூள் ஒவ்வொரு கைப்பிடி. இது என் கலவை, வேதவாக்கு இல்லை. பெர்லைட், சிண்டர் மாதிரி லேசான, துளையுள்ள துகள்கள் கிடைத்தால் செங்கல்லுக்குப் பதில் போடலாம். அடீனியத்தை ஒரு கலையாகவே வளர்க்கும் தாய்லாந்தில், நறுக்கிய தேங்காய் மட்டை, நெல் உமி, மக்கின தூங்குமூஞ்சி மரத்து இலை என்று போடுகிறார்கள். மூன்றும் நம்மூரில் சும்மா கிடப்பவை. எந்தக் கலவையானாலும் சோதனை ஒன்றுதான்: ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, பத்து எண்ணுவதற்குள் அடித் துளையில் ஒழுக வேண்டும். மேலே குளம் கட்டி நின்றால் கலவை தப்பு.

தொட்டி அகலமாக, ஆழமில்லாமல் இருக்கட்டும். அடியைவிட இரண்டு விரல் அகலம் அதிகம் இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரம் பிடித்துக்கொண்டே இருக்கும். கீழே தட்டு வைக்கவே வேண்டாம்.

பூ ஏன் நின்றது? உங்கள் பால்கனி எந்தத் திசை என்று எழுதவில்லை. நேர் வெயில் ஐந்தாறு மணி நேரம் விழாவிட்டால் இலையும் நீண்ட குச்சியும்தான் வரும். தெற்குப் பார்த்த பால்கனி என்றால் ஒரு விஷயம் கவனியுங்கள். சென்னையில் சித்திரை பத்து தேதியிலிருந்து ஆடி முடிய உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடும். அடீனியம் அதிகம் பூக்கவேண்டிய அதே மாதங்களில் தெற்குப் பால்கனியில் நேர் வெயில் விழாது. அந்த நாலு மாதம் மொட்டைமாடிக்கு ஏற்றிவிடுவது நல்லது.

வெயில் போக, கவாத்து. அடீனியம் கிளை நுனியில்தான் பூக்கும். நாலு நுனி இருந்தால் நாலு கொத்து, நாற்பது இருந்தால் நாற்பது. மாசியில், குளிர் விட்டதும், ஒவ்வொரு கிளையையும் பாதிக்கோ அதற்கும் கீழாகவோ வெட்டுங்கள். மனசு வராது, எனக்கும் முதல் இரண்டு வருஷம் வரவில்லை. வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று துளிர் வரும். ஆறேழு வாரத்தில், சித்திரை வாக்கில், ஒவ்வொன்றின் நுனியிலும் மொட்டு. உங்கள் செடிக்கு வருகிற மாசியில் இது வேண்டாம், இப்போதுதான் அறுவைச் சிகிச்சை முடிந்திருக்கும். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

உரத்தில் தழைச்சத்தை (நைட்ரஜன்) குறையுங்கள். அது இலையைத்தான் வளர்க்கும். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) கூடுதலாக உள்ள கரையும் உரத்தை, பொட்டலத்தில் போட்டிருப்பதில் பாதி அளவு, சூடான மாதங்களில் பதினைந்து நாளைக்கு ஒருதரம் விட்டால் தாராளம். வாழைப்பழத்தோல் ஊறிய தண்ணீர், வெங்காயத்தோல் தண்ணீர் என்று ஊற்றுகிறவர்களுக்கு என் அனுபவத்தில் கிடைத்தது கொசு.

வாங்கும்போது அடுக்குப்பூ, இப்போது ஒற்றைப்பூ என்று இன்னொரு புகார் அடிக்கடி வரும். பெயர் போட்டு விற்கும் அடுக்குப்பூ ரகங்கள் பெரும்பாலும் ஒட்டுச்செடிகள். ஒட்டுமா மாதிரித்தான்: அடி ஒன்று, தலை வேறு. ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதையெல்லாம் வந்தவுடன் கிள்ளாவிட்டால் அடிச்செடி தலையெடுத்து, ஒட்டின கிளையைப் பட்டினி போட்டுவிடும்.

விதை எடுக்க ஆசையிருந்தால் இந்தச் செடியில் ஒரு வேடிக்கை உண்டு. பூவின் நடுவே கையை விட்டுப் பார்த்தால் மகரந்தம் எங்கேயும் தெரியாது. ஐந்து மகரந்தப் பைகளும் சேர்ந்து ஒரு குட்டிக் கோபுரம் மாதிரி கூம்பாகி, மகரந்தத்தை உள்ளே பூட்டி வைத்திருக்கும். பூவை நீளவாக்கில் ஒரு பக்கம் கிழித்தால் அந்தக் கூம்பு தெரியும். அதன் உச்சியை ஊசியால் மெல்லத் திறந்தால் உள்ளே மஞ்சள் மாவு. அதை ஈரமான மெல்லிய தூரிகை நுனியில் தொட்டு, வேறொரு செடியின் பூவில் கூம்பின் அடிப்பக்கம், இரண்டு பைகள் சேரும் இடுக்கில் செருக வேண்டும். தன் மகரந்தத்தைத் தானே ஏற்பது அபூர்வம், அதனால் செடி வேறாக இருக்கட்டும். பத்துப் பூவில் செய்தால் ஒன்றிரண்டு பிடித்தால் சந்தோஷப்படுங்கள். பிடித்தால் இரண்டு காய் சேர்ந்து ஆட்டுக்கொம்பு மாதிரி வளரும். முற்றுவதற்குள் நூலால் சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் வெயிலில் வெடித்து, இரண்டு பக்கமும் பஞ்சு வைத்த குச்சி விதைகள் அத்தனையும் பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விடும். புது விதை ஒரு வாரத்துக்குள் முளைக்கும். நன்றாக வளர்த்தால் ஒரு வருஷத்தில் பூவே பார்க்கலாம்.

அடி பருப்பதற்கும் விதைதான் நேர்வழி. குச்சி நட்டு வளர்த்த செடிக்கு அந்தப் பானை வயிறு அவ்வளவு சுலபமாக வராது. விதைச்செடியானால் கோடையில் தாராளத் தண்ணீர், நிறைய வெயில், அப்புறம் பொறுமை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, மாசி பங்குனியில் மாற்றி நடும்போது, போனதடவையைவிட ஒரு அங்குலம் மேலே தூக்கி நடுங்கள். மண்ணுக்குள் பருத்த வேர்கள் வெளியே வந்து அடியோடு சேர்ந்துகொள்ளும். வெளியே வந்த புது வேர்த்தோல் முதல் வாரம் நேர் வெயிலில் வெந்துபோகும், ஒரு துணி போட்டு மூடுங்கள்.

பூச்சியில் மாவுப்பூச்சியும் சிவப்புச் சிலந்தியும் வழக்கமானவை. முதலாவதைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த பழைய பல்துலக்கியால் தேய்த்துவிடலாம். இரண்டாவதுக்கு இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டு, மாலையில் வேப்பெண்ணெய்க் கரைசல். ஒரே ராத்திரியில் இலைகள் மொத்தமும் காணாமல் போனால், விரல் தடிமனில் பச்சைப் புழு ஒன்றைத் தேடுங்கள். தலைக்குப் பின்னால் இரண்டு நீலக் கண் மாதிரி புள்ளி இருக்கும். அரளி அந்துப்பூச்சியின் புழு அது. பங்காளி வீட்டு வாசனையைக் கண்டுபிடித்து வந்துவிடும். நான் கொல்வதில்லை, எடுத்துக் கீழே இருக்கும் அரளிச் செடியில் விட்டுவிடுவேன்.

கடைசியாக, குழந்தை. விஷம்தான், சந்தேகமே வேண்டாம். அரளியில் இருப்பதைப் போலவே இதயத்தைத் தாக்கும் பொருட்கள் இதன் சாற்றில் உண்டு. ஆப்பிரிக்காவில் பல இடங்களில் இதைக் காய்ச்சித்தான் வேட்டை அம்பின் நுனியில் தடவினார்கள். தொட்டாலே ஆபத்து என்பது மிகை. ஆனால் வெட்டும்போது கையுறை, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவல், கண்ணைத் தேய்க்காமை கட்டாயம். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் தொட்டி இடுப்பு உயரத்துக்கு மேல் இருக்கட்டும், உதிர்ந்த பூவையும் இலையையும் அன்றன்றே பெருக்கிவிடுங்கள். குழந்தை வாயில் போட்டு மென்றுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல், செடியின் ஒரு கிளையோடு நேரே ஆஸ்பத்திரி.

நட்ட பிறகு பொங்கல் வரை இலை வராது. தினமும் பிடுங்கி வேர் விட்டதா என்று பார்க்காதீர்கள். மனசு கேட்காவிட்டால் கிளையில் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள்; தோலுக்கடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மாசியில் வெயில் ஏறும்போது முதல் துளிர் வரும். அன்றைக்கு அந்த டம்ளரைத் தூக்கி வைத்துவிட்டுச் செம்பை எடுங்கள்.